எலும்பு கூடிவிடும், ஆள் தாங்குவாரா?

இரவு பத்தரை மணிக்கு குவைத்திலிருந்து போன். “அண்ணே, அம்மை குளிமுறியில வழுக்கி விழுந்துட்டா. இடுப்பு ஒடிஞ்சுட்டாம். படம் அனுப்பியிருக்கேன், ஒண்ணு பாக்கணும். டாக்டர் உடனே ஆபரேஷன்னு சொல்லுதாரு. மாமா வேண்டாம், ஆசான்ட்ட கொண்டு போலாம்னு சொல்லுதாவ. நான் இங்க கிடந்து என்ன செய்ய?”

ஆசான் என்றால் எங்கள் பக்கம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வர்ம வைத்தியர். நான் டாக்டர் இல்லை. நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். எலும்பு ஆபரேஷன் நடக்கும்போது தியேட்டருக்குள், எக்ஸ்ரே படத்தை உடனுக்குடன் திரையில் காட்டுகிற சி-ஆர்ம் என்ற எந்திரத்தோடு நிற்கிறவன். ஆனாலும் சொந்தத்தில், ஊரில் யாருக்கு எலும்பு ஒடிந்தாலும் படம் என் போனுக்கு வந்துவிடும். அதிலும் ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் வரும் படங்கள் அதிகம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. முற்றத்துப் படிக்கல்லில் பாசி பிடித்தால் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

அந்தப் படத்தோடு வந்த சீட்டில் டாக்டர் ‘அன்ஸ்டேபிள்’ என்று எழுதியிருந்தார். நிலையில்லாத முறிவு. அந்தத் தம்பியிடம் அன்றிரவு அரைமணி நேரம் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஒடிந்தது எந்த இடம்?

இடுப்பு ஒடிந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஒடிந்திருப்பது தொடை எலும்பின் மேல்முனை. தொடை எலும்பு கம்பு மாதிரி நேராக மேலே போய் முடிவதில்லை. தெருவிளக்குக் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பம் நேராக நிற்கிறது, மேலே ஒரு கை சாய்வாக நீள்கிறது, கையின் முனையில் விளக்கு. விளக்கு இருக்கும் இடத்தில் ஓர் உருண்டை இருக்கிறது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும். கை மாதிரி நீளும் பகுதிக்குக் கழுத்து என்று பெயர். கழுத்தும் கம்பமும் சேருகிற முக்கில் இரண்டு முண்டுகள் உண்டு. வெளிப்பக்கம் இருப்பது பெரிய முண்டு. ஒருக்களித்துப் படுத்தால் பாயில் அழுத்துவது அதுதான், கைவைத்தால் தட்டுப்படும். உள்பக்கம், சற்றுப் பின்னால் சின்ன முண்டு. அதை வெளியிலிருந்து தொட முடியாது. டாக்டர்கள் இந்த முண்டுகளை ட்ரொக்கான்டர் என்பார்கள். சீட்டில் ‘ஐ.டி. ஃபிராக்ச்சர்’ என்று எழுதியிருந்தால் இரண்டு முண்டுகளுக்கும் நடுவே ஒடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒடிகிற இடங்கள் மூன்று: கழுத்து, முண்டுகளுக்கு நடுவே, சின்ன முண்டுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டருக்குள். அடுத்தடுத்து இருக்கும் இடங்கள்தானே என்று தோன்றும். ஆனால் கழுத்தில் ஒடிவதற்கும் முண்டுகளுக்கு நடுவே ஒடிவதற்கும் வைத்தியம் அடியோடு வேறு. அதற்குக் காரணம் ரத்த ஓட்டம்.

உருண்டைக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பங்கு கழுத்தை ஒட்டித்தான் ஏறிப் போகிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் வழியாகக் கடைவரம்புக்கு, அதாவது கடைசி வயல்களுக்குப் போவது மாதிரி. நடுவில் கரை உடைந்தால் மேல்பக்கத்து வயல் பிழைத்துக்கொள்ளும், கடைவரம்பு காய்ந்துபோகும். கழுத்து ஒடிந்து விலகிவிட்டால் உருண்டைதான் கடைவரம்பு. வயதானவர்களுக்கு அந்த இடம் கூடாமலே போகலாம், அல்லது கூடிய பிறகு உருண்டை செத்து நொறுங்கலாம். முண்டுகளுக்கு நடுவே அந்தக் கதை இல்லை. அங்கே எலும்பு பஞ்சு மாதிரி, ரத்தம் தாராளம், சுற்றிலும் தசை. அது கூடும். எப்படிப் போட்டாலும் கூடும் என்றுகூடச் சொல்லலாம். நேராகக் கூடுமா என்பது வேறு கேள்வி.

விழுந்தவரின் காலைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒடிந்த கால் மற்றதைவிடக் குட்டையாக இருக்கும், பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். எலும்பு பிடி விட்டதும் தசைகள் காலை மேலே இழுத்துத் திருப்பிவிடுவதால் வருவது அது. அந்தக் காலைத் தயவுசெய்து இழுக்காதீர்கள், எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள், நாலு அடி நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். கால் நேராகத்தானே இருக்கிறது என்றும் விட்டுவிட வேண்டாம். கழுத்தில் கீறல் மட்டும் விட்டிருந்தால் சிலர் நொண்டிக்கொண்டு நடக்கவும் செய்வார்கள், பிறகுதான் அது விலகும்.

நிலையில்லாதது என்றால்?

அன்ஸ்டேபிள் என்றதும் துண்டு துண்டாக நொறுங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எத்தனை துண்டு என்பதைவிட, எந்தத் துண்டு போயிருக்கிறது என்பதைத்தான் படத்தில் முதலில் பார்க்க வேண்டும்.

ஏத்தன் வாழை குலை தள்ளியதும் குலைப் பாரத்தில் ஒருபக்கமாகச் சாயும். சாய்கிற பக்கம் பார்த்து ஒரு கம்பை முட்டுக் கொடுப்போம். மற்ற பக்கம் கொடுத்துப் புண்ணியமில்லை. நம் தொடை எலும்பிலும் பாரம் உள்பக்கம்தான் இறங்குகிறது. உருண்டை உள்பக்கம் இருக்கிறது, உடம்பின் எடை அதன் மேல் உட்காருகிறது, அதனால் கழுத்தின் அடிப்பாகமும் சின்ன முண்டு இருக்கும் இடமும் எப்போதும் அமுங்கிக்கொண்டே இருக்கின்றன. அதற்கேற்ப அந்த இடத்து எலும்பு தடித்திருக்கும். அதுதான் முட்டு. முறிவு ஏற்பட்டாலும் முட்டு தப்பியிருந்தால், எலும்பை நேராக்கியதும் மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் தானே உட்கார்ந்துகொள்ளும். அது நிலையான முறிவு. சின்ன முண்டோடு சேர்ந்து பின்பக்கத்தில் ஒரு பெரிய துண்டு கழன்று போயிருந்தால், நேராக்கி வைத்தாலும் உருண்டை உள்பக்கமாகக் கவிழும். குவைத்துத் தம்பி அனுப்பிய படத்தில் சின்ன முண்டு தனியாக மேலே மிதந்துகொண்டிருந்தது. தொடையை மடக்குகிற பெரிய தசை அதில்தான் ஒட்டியிருக்கிறது, கழன்றதும் அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இந்த உள்பக்க முட்டின் முக்கியத்தை 1949-லேயே இங்கிலாந்தில் எவன்ஸ் என்ற மருத்துவர் எடுத்துச் சொல்லி, முறிவுகளை நிலையானவை, நிலையற்றவை என்று பிரித்தார். இன்று வேறு வகைப்பாடுகள் வந்துவிட்டன, ஆனால் கேள்வி மாறவில்லை.

நிலை தப்புவதற்கு வேறு வழிகளும் உண்டு. ஒன்று, பெரிய முண்டுக்குக் கீழே வெளிப்பக்கச் சுவர் மெலிந்துபோயிருப்பது அல்லது உடைந்திருப்பது. உள்ளே முட்டு இல்லை, வெளியே சுவரும் இல்லை என்றால் மேல்துண்டை நிறுத்த ஆளில்லை. இன்னொன்று, முறிவுக் கோடு தலைகீழாகச் சாய்ந்திருப்பது. வழக்கமாகக் கோடு வெளியே மேலிருந்து உள்ளே கீழாக இறங்கும். காலை ஊன்றினால் இரண்டு துண்டும் ஒன்றையொன்று அமுக்கும், அது நல்லது. தலைகீழ்க் கோட்டில் ஊன்ற ஊன்ற இரண்டும் விலகிப் போகும். முறிவு சின்ன முண்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் இதே தொல்லைதான், ஏனென்றால் எலும்பிலேயே அதிக அழுத்தம் தாங்குகிற இடம் அது.

ஆசானிடம் கொண்டுபோனால்?

எங்கள் மாவட்டத்தில் எலும்பைப் பற்றிப் பேசிவிட்டு வர்ம ஆசான்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சின்ன வயதில் கொல்லாம்பழம் பறிக்க ஏறி விழுந்து என் இடது மணிக்கட்டு ஒடிந்தபோது ஆசான்தான் கட்டினார். மூங்கில் பத்தை, துணி, என்னவோ பச்சிலை வாசம். இன்றைக்கு அந்தக் கையால்தான் எக்ஸ்ரே பலகை தூக்குகிறேன். அதனால் நான் கிண்டல் செய்யப் போவதில்லை.

ஆனால் கட்டு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒடிந்த இடத்துக்கு மேலே உள்ள மூட்டையும் கீழே உள்ள மூட்டையும் அசையாமல் பிடித்தால்தான் முறிவு அசையாது. முன்கையில் அது முடியும். இடுப்பில் மேல்மூட்டு என்பது இடுப்பேதான். அதன் மேல் ஒரு சாண் கனத்துக்குச் சதை. அங்கே பத்தை வைத்துக் கட்டினால் சதையைத்தான் கட்டியிருப்போம், எலும்பு உள்ளே தன்பாட்டுக்கு அசையும். மாவுக்கட்டுக்கும் இதே கதைதான். ஆசானுக்கு ஆகாதது, டாக்டரின் மாவுக்கட்டுக்கு மட்டும் ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

“எங்க பாட்டாவுக்கு ஆசான் கட்டித்தான் கூடிச்சு” என்று மாமா சொன்னாராம். பொய்யில்லை. முண்டுகளுக்கு நடுவே ஒடிந்தது கூடும் என்று மேலே சொன்னேனே. ஆபரேஷன் வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலும் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு எட்டு, பத்து, பன்னிரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், கூடியது. குட்டையாக, பாதம் வெளியே திரும்பிக் கூடியது. பாட்டா மிச்ச நாள் முழுக்க நொண்டியபடி நடந்திருப்பார், அதையும் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

அதுகூடப் பரவாயில்லை. எழுபத்தைந்து வயது அம்மை மூன்று மாதம் மல்லாந்து கிடந்தால் என்ன நடக்கும்? முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகும். சிறுநீரில் கிருமி ஏறும். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறலாம். தசை நாளுக்கு நாள் கரையும். ஆபரேஷன் செய்தவர்களையும் சேர்த்தே உலகக் கணக்கில், இடுப்பு முறிந்த வயதானவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் ஓராண்டுக்குள் இறக்கிறார்கள். ஒடிந்த எலும்பு அவர்களைக் கொல்வதில்லை, படுக்கை கொல்கிறது. எலும்பு கூடிவிடும், அதுவரை ஆள் தாங்குவாரா என்பதுதான் கேள்வி. ஆபரேஷன் எலும்பைக் கூட்டுவதற்காக என்று எல்லோரும் நினைக்கிறோம். இந்த வயதில் அது முக்கியமாக, மறுநாளே ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்புவதற்காக.

முன்பே பல வருடம் படுத்த படுக்கையாக, மரணத்தை நெருங்கிவிட்ட ஒருவர் என்றால் கணக்கு மாறும். அப்போது வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்வதே போதும் என்று டாக்டரே சொல்லக்கூடும். அது வேறு பேச்சு.

ராடா, பிளேட்டா, பாலா?

ஊரில் மூன்று வார்த்தை ஓடும். ராடு வைத்தாச்சு, பிளேட் வைத்தாச்சு, பால், அதாவது உருண்டை, மாற்றியாச்சு. மூன்றும் மூன்று விதமான முறிவுக்கு.

பால் மாற்றுவது கழுத்து ஒடிந்து விலகியவர்களுக்கு. உருண்டை பிழைக்காது என்று தெரிந்த பிறகு அதை எடுத்துவிட்டு உலோக உருண்டை வைத்துவிடுவார்கள். கிண்ணத்தை விட்டுவிட்டு உருண்டையை மட்டும் மாற்றினால் பாதி மாற்று, கிண்ணத்தையும் மாற்றினால் முழு மாற்று. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்கு முழுசும், வீட்டுக்குள்ளேயே புழங்குகிறவருக்குப் பாதியும் என்று பொதுவாக முடிவெடுப்பார்கள். தெங்கிலிருந்து விழுந்த முப்பது வயதுக்காரருக்குக் கழுத்து ஒடிந்தால் நிலைமை வேறு. அவருக்கு எப்பாடுபட்டாவது சொந்த உருண்டையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள், அவசரமாக நேராக்கித் திருகு போடுவார்கள்.

முண்டுகளுக்கு நடுவே ஒடிந்தால் பிளேட் அல்லது ராடு. பிளேட் என்பதன் முழுப்பெயர் டைனமிக் ஹிப் ஸ்குரூ, சீட்டில் டி.எச்.எஸ். என்று இருக்கும். ஒரு தடித்த திருகு வெளிப்பக்கத்திலிருந்து கழுத்து வழியாக உருண்டைக்குள் போகும். அதன் வால்பகுதி பிளேட்டோடு சேர்ந்த ஒரு குழாய்க்குள் வழுக்கி நகரும்படி இருக்கும். நடக்க நடக்கத் திருகு கொஞ்சம் பின்வாங்கும், முறிந்த இரண்டு முகமும் நெருங்கி அமுங்கும். அழகான யோசனை. முட்டு தப்பிய முறிவுக்கு இது தாராளமாகப் போதும், விலையும் குறைவு. எல்லோருக்கும் ராடுதான் உயர்ந்தது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியில்லை.

முட்டு போன முறிவில்தான் இந்த வழுக்கலே வினையாகிறது. நிறுத்த ஆளில்லாததால் திருகு பின்வாங்கிக்கொண்டே போகும், கால் குட்டையாகும், வெளிச்சுவர் மெலிந்திருந்தால் அதுவும் உடையும். தலைகீழ்க் கோட்டுக்குப் பிளேட் கேட்கவே வேண்டாம், துண்டுகளை அது விலக்கியே விடும்.

அதனால்தான் ராடு. டாக்டர்கள் நெயில் என்பார்கள், சீட்டில் பெரும்பாலும் பி.எஃப்.என். என்று எழுதியிருக்கும். பெரிய முண்டின் உச்சியில் துளையிட்டு, எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் ராடை இறக்கி, அதன் ஊடாகவே குறுக்கே ஒரு தடித்த திருகையோ இரண்டு திருகையோ உருண்டைக்குள் செலுத்துவார்கள். ராடு சுழன்றுவிடாமல் கீழே இன்னும் ஒன்றிரண்டு சின்னத் திருகு. இந்த வகை ராடுகள் 1980-களின் கடைசியில் காமா நெயில் என்ற பெயரில் புழக்கத்துக்கு வந்தன.

எலும்புக்கு வெளியே இருக்கும் பிளேட்டைவிட உள்ளே இருக்கும் ராடு ஏன் மேல்? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஒட்டி வைத்துக்கொண்டு அரை மைல் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து அடி தாங்காது. பாரம் இறங்கும் கோடு உள்பக்கம் இருக்கிறது. பிளேட் அதிலிருந்து தள்ளி, எலும்பின் வெளித்தோலில் இருக்கிறது. ராடு எலும்பின் நடுவில், பாரத்துக்கு நெருங்கி இருக்கிறது. மேல்துண்டு வெளியே நழுவப் பார்த்தாலும் ராடின் உடம்பில் மோதி நின்றுவிடும், போன சுவருக்குப் பதில் உலோகச் சுவர். முறிவு கீழே இறங்கியிருந்தால் முழங்கால் பக்கம் வரை போகும் நீளமான ராடு போடுவார்கள்.

நிலையில்லாத முறிவுக்கு நேரடியாகப் பால் மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மூட்டு ஏற்கெனவே தேய்ந்துபோனவர்களுக்கும், ராடு தோற்றவர்களுக்கும் அப்படிச் செய்வதுண்டு. மற்றவர்களுக்கு அது பெரிய ஆபரேஷன், ரத்தமும் அதிகம் போகும். கடைவரம்பு காயாதபோது வயலை விற்பானேன்?

தியேட்டருக்குள்

இனி எனக்கு நேரில் தெரிந்த இடம். இந்த ஆபரேஷனில் பாதி வேலை கத்தி எடுப்பதற்கு முன்பே நடக்கிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். பிறகு நோயாளியை ஒரு தனி மேசைக்கு மாற்றுவார்கள். அதில் இரண்டு கால்களையும் பூட்ஸ் மாதிரி ஒன்றில் பூட்டி இழுக்கலாம், திருப்பலாம். டாக்டர் ஒடிந்த காலை மெதுவாக இழுத்து, பாதத்தை உள்பக்கம் திருப்புவார். நான் சி-ஆர்மை நேராக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை வைத்துப் படம் காட்டுவேன். “இன்னும் கொஞ்சம் இழு, விடு, திருப்பு, காட்டு.” கழுத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே சுமார் 130 டிகிரிக் கோணம் திரும்ப வந்ததா, பக்கவாட்டில் துண்டு பின்னால் தொய்ந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சில நாள் இதற்கே அரைமணி ஆகிவிடும். மேலே ஈய அங்கியின் கனம் தோளை அறுக்கும்.

இந்த இடத்தில் பொறுமை இல்லாவிட்டால் பின்னால் எதுவும் சரிவராது. ராடு உள்ளே போனதும் எலும்பு தானாக நேராகிவிடும் என்று தோன்றும், ஆகாது. கோணலாக இருந்தால் அந்தக் கோணலையே ராடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இழுத்து வரவில்லை என்றால் சிறிதாகக் கிழித்து, கருவியால் துண்டைத் தூக்கியாவது நேராக்கிவிட்டுத்தான் மேலே போவார்கள்.

அதன் பிறகு பெரிய முண்டுக்கு மேலே மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீறல். மெல்லிய கம்பி ஒன்றை முண்டின் உச்சியில் சரியான புள்ளியில் வைப்பதற்கு மறுபடி படம், மறுபடி படம். கம்பி வழியாகக் குடைந்து, ராடை இறக்கி, உருண்டைக்குத் திருகு. இதில் ஓர் எண் உண்டு. திருகின் முனை உருண்டையின் உச்சிப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நேர்ப் படத்திலும் பக்கப் படத்திலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 1995-இல் அமெரிக்காவில் பாம்கார்ட்னரும் கூட்டாளிகளும் அளந்து சொன்ன கணக்கு அது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் 25-க்குள் இருந்த ஒருவருக்கும் திருகு உருண்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை. திருகு உருண்டையின் நடுவே, ஆழமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மேல்பக்கம் ஒதுங்கிப்போனால், சொதசொதத்த எலும்பில் ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு ஏறும். இரண்டு திருகு இருக்கும் ராடில் சில சமயம் ஒன்று உள்ளே போகும், மற்றது வெளியே வரும். அதற்கு இசட் எஃபெக்ட் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதுகில் ஊசி என்பதால் நோயாளிக்கு நினைவு இருக்கும். ராடு இறங்கும்போது தட்டுகிற சத்தம் கேட்டு ஒரு பாட்டி, “யாரு மக்களே தேங்கா உடைக்கது?” என்று கேட்டார். தியேட்டரே சிரித்துவிட்டது. மொத்த ஆபரேஷனும் எல்லாம் ஒழுங்காக வந்தால் ஒரு மணி நேரத்துப் பாடு.

எப்போது செய்ய வேண்டும்?

முடிந்தால் அன்றே, இல்லாவிட்டால் மறுநாள். இரண்டு நாளைத் தாண்டவிடாமல் இருப்பதே நல்லது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியா உள்பட 17 நாடுகளில் ஒரு பகுதியினருக்குச் சுமார் 6 மணி நேரத்திலும் மற்றவர்களுக்குச் சுமார் 24 மணி நேரத்திலும் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக் குழப்பமும் சிறுநீர்க் கிருமியும் குறைவு, எழுந்து நடந்ததும் முன்னதாகவே. அதாவது இரவோடு இரவாக ஓட வேண்டியதில்லை, ஆனால் சும்மா காத்திருப்பதிலும் லாபமில்லை.

நம்மூரில் காத்திருப்பு எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும். மகன் வளைகுடாவிலிருந்து வர வேண்டும். மகள் வர வேண்டும். ஆசானைக் கேட்க வேண்டும். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு கூட்டம். அப்புறம் ‘ஃபிட்னஸ்’. இதயம், ரத்தம், சர்க்கரை, உப்பு எல்லாம் பார்த்து மயக்க மருந்து டாக்டர் தருகிற ஒப்புதல் அது. மூச்சு வாங்குகிற இதய நோய், ரொம்பவும் குறைந்த ரத்தம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை, இவற்றைச் சரிசெய்யச் சற்றுப் பொறுப்பது நியாயம். வெறும் ஆஸ்பிரின் போடுகிறார் என்பதற்காக ஒரு வாரம் தள்ளிப்போடத் தேவையில்லை. அதனால் முதல் நாளே மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். “ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு ரோஸ் மாத்திரை” என்று சொன்னால் யாருக்கும் உதவாது.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் ரேஷன் கார்டையும் முதல் நாளே எடுத்துச் செல்லுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் சரி, தனியாருக்குப் போனாலும் சரி, காகிதத்துக்காக ஒரு நாள் போகக் கூடாது.

மறுநாள்

வீட்டுக்காரர்கள் அதிகம் பயப்படுவது இந்த நாளுக்குத்தான். நேற்றுத்தான் ஆபரேஷன், இன்றைக்கே எழுப்புகிறார்களே என்று பிசியோதெரபிஸ்டிடம் சண்டைக்குப் போவார்கள். எழுப்புவதற்காகத்தான் அத்தனை பாடும். ராடு நல்லபடி அமைந்திருந்தால் மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்காரலாம், வாக்கரைப் பிடித்து நிற்கலாம், தாங்குகிற அளவுக்குக் காலில் பாரம் போடலாம். டாக்டர் வேண்டாம் என்று தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும் பொறுக்கலாம். எலும்பு முழுதாகக் கூட மூன்று மாதம் ஆகும், அதுவரை பாரம் ராடு மேல்.

இன்னொரு பயம், ஆள் உளறுவது. ஆபரேஷனுக்கு மறுநாள் இரவு அம்மை செத்துப்போன அப்பாவைக் கூப்பிடுவார், குழாயைப் பிடுங்குவார். பைத்தியம் பிடித்துவிட்டது, மயக்க மருந்து தலைக்கேறிவிட்டது என்பார்கள். இடுப்பு முறிந்த வயதானவர்களுக்கு இப்படித் தற்காலிகக் குழப்பம் வருவது சகஜம். கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடுங்கள், பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, கிருமி எதுவும் இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கஞ்சி மட்டும் கொடுத்து ஆளை வற்றவைக்காதீர்கள். முட்டை, மீன், பயறு எல்லாம் வேண்டும். கடற்கரை மாவட்டத்தில் மீனுக்கா பஞ்சம்? புண் பழுக்கும் என்று மீனை ஒதுக்குகிற வழக்கம் இங்கே உண்டு. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

அப்புறம், எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு ஒடிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது. இதை எக்ஸ்ரேயிலேயே ஓரளவு பார்க்கலாம். கழுத்துக்குள் எலும்பு இழைகள் கமான் கமானாக ஓடும், கரையக் கரைய ஒவ்வொரு கட்டாக மறையும். 1970-இல் அதை ஆறு படியாகப் பிரித்துச் சொன்னவர் மன்மோகன் சிங் என்ற இந்திய மருத்துவர். பிரதமராக இருந்தவர் இல்லை, இவர் வேறு. உலகம் முழுக்க சிங் இன்டெக்ஸ் என்கிறார்கள். இன்று எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்சா ஸ்கேன் வந்துவிட்டது, இருந்தாலும் படத்தில் அந்த இழைகளைத் தேடுகிற பழக்கம் எனக்குப் போகவில்லை. ராடு வைத்த கையோடு வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த கால் காத்துக்கொண்டிருக்கும். கால்சியம், வைட்டமின் டி மட்டும் போதாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து தேவையா என்று தையல் பிரிக்கப் போகும்போது நீங்களாகவே கேளுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசிகூட இருக்கிறது. அந்த வகை மருந்தைப் பல வருடம் தொடர்கிறவர்களுக்குத் தொடையில் காரணமில்லாத வலி வந்தால் மட்டும் சும்மா விடக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அரிதாக அங்கே வேறு மாதிரி முறிவு வருவதுண்டு.

குவைத்துத் தம்பியின் அம்மைக்கு இரண்டாம் நாள் ஆபரேஷன் நடந்தது. மாமாதான் கையெழுத்துப் போட்டார். பத்து நாள் கழித்துத் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். வீட்டுத் திண்ணையோரம் வாக்கரைப் பிடித்தபடி அம்மை நிற்கிறார், முகத்தில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, நல்ல அறிகுறி. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாக்கரின் முன்காலுக்கு அரையடி தள்ளி, குளிமுறி வாசலில், பழைய சேலையை மடித்துப் போட்ட கால்மிதி சுருண்டு கிடந்தது. அதை எடுக்கச் சொல்லித்தான் முதலில் பதில் போட்டேன்.